சுடாமல் இருக்க ஒரு ஈஸ்டர்

"துக்க வீட்டில் அடுப்பு எரியலாமா அத்தை?" என்றுதான் நான் ஆரம்பித்தேன்.

அது ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு மிரோஃபோரா அத்தையின் மாமியார் தியோபிஸ்தியைப் புதைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த ஈஸ்டருக்கு ஃப்ளாவுனா சுடமாட்டார்கள். பாலாடைக்கட்டிப் பூரணம் வேகும் மணம் அந்த வீட்டிலிருந்து வரக்கூடாது. மற்றவர்கள் சுட்டுக் கொடுப்பதைத்தான் அவர்கள் தின்ன வேண்டும். எங்கள் அகதிக் குடியிருப்பில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அத்தை வீட்டுக் கொல்லையில் விடிந்ததிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன்.

அவர் மண் அடுப்பின் வாய்க்கு முன்னால் நின்றிருந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது, தலையில் வழக்கமான பச்சைத் துணி. திரும்பாமலே, எரிகிறதே, கண் தெரியவில்லையா, இங்கிலீஷ் படித்துப் படித்துக் கெட்டுவிட்டதா என்று கேட்டார். நான் விடவில்லை. மாமியாரின் நாற்பதாம் நாள் பூசைக்கு முன்னாலேயே சுட்டால் ஊர் பேசாதா என்றேன். சுட்டால் பேசாது, சுடாவிட்டால்தான் பேசும் என்றார். கிழவி சாகும்போது பாதிரியாரை வைத்துக்கொண்டு, மாதாவின் படத்தைத் தொடச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள். எனக்காகக்கூட அடுப்பை அணைக்காதே, என் மகன் என்றைக்கு வந்தாலும் வீடு மணக்க வேண்டும் என்று.

பேசிக்கொண்டே நீளமான மரப்பலகையை உள்ளே விட்டு முதல் தட்டை இழுத்தார். எள் பொரிந்து, நான்கு பக்கமும் மடித்த மாவுக்கு நடுவில் பாலாடைக்கட்டி பொன்னிறமாகப் பொங்கியிருந்தது. அதிலிருந்து நல்ல உருவாக வந்த ஒன்றை எடுத்து வெள்ளைத் துணியில் தனியாக வைத்தார். அது ஆறியதும் அலமாரிக்குப் போகும், ஐம்பது நாள் கழித்து வரும் பெந்தகோஸ்தே திருநாள் வரை அங்கே இருக்கும், பிறகு கோழிகளுக்கு. எங்கள் தீவு வடக்கு, தெற்கு என்று பிரிந்த எழுபத்துநாலாம் வருஷத்துச் சண்டையில் காணாமல் போன அவர் கணவர் பியெரிஸின் பங்கு அது. எனக்கு நினைவு தெரிந்த நாளாகப் பார்த்திருக்கிறேன். அதுவரை கேட்காததை அன்று கேட்டேன்.

"மாமா வருவாருன்னு நினைக்கிறீங்களா அத்தை?"

"வரமாட்டார். செத்துட்டார். அந்தக் கோடையிலயே செத்துட்டார்."

இன்றைக்குக் கடை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்புறம் எதுக்குச் சுடறீங்க?"

"நிறுத்திக்கோன்னு யாரும் சொல்லலையே."

சொல்ல வேண்டிய உங்கள் மாமியார்தான் போய்விட்டாரே என்றேன். அத்தை பலகையை அடுப்பின்மேல் சாய்த்து வைத்தார். "உயிரோட இருந்தப்ப அந்த ஒரு அறையில இருந்தா. இப்ப எல்லா வீட்லயும் இருக்கா. போ, அந்த எள்ளுக் கிண்ணத்தை எடுத்துட்டு வா."

எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு என்றால் அதுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. மீதியை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மிரோஃபோரா பிறந்தது வடக்குச் சமவெளியின் ஓரத்தில், ஓர் ஆட்டுக்காரர் வீட்டில். பால் காய்ச்சி, உறையவைத்து, கூடைகளில் பிழிந்து கட்டி எடுக்கும் வீடு. ஏழு வயதில் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவர். அவருக்குக் கட்டியைத் தொட்டாலே அது ஈஸ்டருக்கு உலருமா, அதற்குள் பூசணம் பிடிக்குமா என்று தெரியும். இருபது வயதில், விதைப்பு முடிந்த மாதத்தில், அடுத்த ஊர் டிராக்டர்காரர் பியெரிஸுக்குக் கட்டிவைத்தார்கள். அவரோடு வாழ்ந்தது ஒரு மழைக்காலமும் ஓர் அறுவடையும்.

அந்த வாழ்க்கையைப் பற்றி அவரிடம் அதிகம் இருக்கவில்லை. பியெரிஸ் எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்பாராம். காலில் குளிர்ந்த காற்று பட்டால் தூக்கம் வராதாம். பூரணத்தில் உலர்திராட்சை போடாவிட்டால் அது ஃப்ளாவுனாவே இல்லை என்பாராம். அத்தையின் ஊரில் புதினா மட்டும்தான் போடுவார்கள், திராட்சை கிடையாது. அத்தைக்கு உலர்திராட்சையைக் கண்டாலே ஆகாது. புதுப்பெண்ணாக வந்த ஈஸ்டருக்கு மாமியார் கைநிறைய அள்ளிப் போட்டதைப் பார்த்து, இதை எப்படித் தின்பது என்று தன் தங்கையிடம் சொல்லிச் சிரித்தாராம். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அதையே போட்டுப் பிசைந்தார்.

"அவர் முகமே எனக்கு ஞாபகம் இல்ல," என்று ஒருமுறை சொன்னார். "அந்தப் போட்டோ முகம்தான் ஞாபகம் இருக்கு. கிழவி தூக்கிட்டுத் திரிஞ்சாளே, அது. அந்தப் போட்டோவுல அவர் மீசை வச்சிருப்பார். கல்யாணத்துக்கு எடுத்துட்டார்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியல."

அந்தக் கோடையில் படை வந்தபோது ஊரின் ஆண்களைக் காப்பிக்கடை முன்னால் நிறுத்தி லாரியில் ஏற்றினார்கள். பெண்கள் தெற்கே நடந்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒரு மூட்டை, ஒரு சல்லடை, பூட்டிய வீட்டின் சாவி. இரண்டு மழைக்காலம் கூடாரத்தில். பிறகு லார்னகாவுக்கு வெளியே குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு. தியோபிஸ்தி வீட்டுக்குக் கதவு மாட்டுவதற்கு முன்னாலேயே கொல்லையில் வைக்கோலும் ஆட்டுமயிரும் கலந்து மண் குழைத்து அடுப்பு கட்டினாள். அவன் வந்தால் பசியோடு வருவான் என்று வேலை பார்க்க வந்த ஆட்களிடம் சொன்னாளாம்.

மருமகளுக்கு அவள் வகுத்த சட்டம் எளிமையானது. கறுப்பு உடுத்தக்கூடாது, உயிரோடு இருப்பவனின் மனைவி அவள். அதனால் பச்சைத் தலைத்துணி. ஆனால் கல்யாண வீட்டில் ஆடக்கூடாது, கணவன் இல்லாமல் எப்படி ஆடுவது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு இறைச்சியோடு கோதுமையைக் குழையக் கிண்டுவார்கள். அந்தக் கோதுமையைக் கழுவக் கணவனோடு வாழும் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். அத்தையைக் கூப்பிட்டதில்லை. சாவு வீட்டில், இறந்தவர் பேரில் பூசைக்கு வைக்கும் கோதுமையை அவிக்க விதவைகள் கூடுவார்கள். அங்கேயும் கூப்பிட்டதில்லை. "கல்யாணக் கோதுமையும் எனக்கு இல்ல, சாவுக் கோதுமையும் எனக்கு இல்ல" என்று அத்தை சொல்வார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பில் யாரையும் சேர்த்துக்கொள்ளமாட்டார்.

ஈஸ்டர் மட்டும் அவருடையது. பெரிய வாரம் முழுக்க அந்த வீட்டில் வேலை நடக்க வேண்டும், நடப்பது தெரு முழுக்கத் தெரிய வேண்டும். வியாழன் மாலை துருவல். முட்டை, ரவை, புளித்த மாவு சேர்த்துப் பிசைந்து கம்பளி போர்த்தி இரவெல்லாம் வைப்பார்கள். சனி விடியலில் அடுப்பு. மற்ற வீட்டுப் பெண்கள் எழுந்திருக்கும் முன்பே தியோபிஸ்தி வீட்டுப் புகை தெரிய வேண்டும். புகை எழுந்தால் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று அர்த்தம்.

எனக்கு முந்திய காலத்தில் ஒரே ஒரு வருஷம் அந்தப் புகை எழவில்லை.

ஹம்பிஸ் என்று ஒருவர். அத்தை ஆரஞ்சுப் பழம் அடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். ஹம்பிஸ் அங்கே லாரி ஓட்டினார். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர், அதிகம் பேசாதவர், எந்த நேரமும் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருப்பவர். கொட்டகைக்குப் போகும் வழியில் எங்கள் தெருவுக்கு ஒலிவக் கட்டைகளை இறக்கிவிட்டுப் போவார். அத்தை வீட்டுக் கட்டைகள் மட்டும் ஒரே அளவாகப் பிளந்திருக்கும். அம்மா அப்போது புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், வாய்த்துடுக்கு. "நீங்க விறகு கொண்டு வர்றீங்களா, பொண்ணு பாக்க வர்றீங்களா?" என்று கேட்டே விட்டாளாம். "விறகு எரிஞ்சு முடியட்டும்மா, சொல்றேன்" என்றாராம் அவர்.

சொல்லவும் செய்தார், அம்மா வழியாகத்தான். காணாமல் போனவர்களின் மனைவிகள் கேட்டால் திருச்சபை பழைய கல்யாணத்திலிருந்து விடுவித்துக் கொடுத்த காலம் அது. எங்கள் குடியிருப்பிலேயே ஒருத்தி அப்படி மறுமணம் செய்திருந்தாள். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு முதலில் ஒன்று வேண்டியிருந்தது. பியெரிஸுக்கு ஒரு சட்டி கோதுமை அவித்து, மாதுளை முத்தும் பாதாமும் தூவி, கோயிலில் அவர் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். புதைக்காதவரை விட்டுவிட்டு இன்னொருவரோடு எப்படிப் போவது என்றார். மாமியாரிடம் வாய் திறந்து கேட்கத் துணிவில்லை. உயிரோடிருக்கும் ஒருவன் பேரில் கோதுமை அவித்தால் அவன் செத்துப்போவான் என்று எங்கள் பெண்கள் நம்புவார்கள். கிழவி கட்டாயம் நம்பினாள். அதனால் வாய் திறக்காமலே எல்லோருக்கும் தெரிவிக்கும் வழியைத் தேர்ந்தார். அந்த ஈஸ்டருக்குச் சுடப்போவதில்லை. அம்மாவிடம் மட்டும் முன்கூட்டிச் சொன்னார்.

வியாழன் தியோபிஸ்தி மற்ற தாய்மார்களோடு தலைநகர் நிக்கோசியாவின் எல்லைக் கடவையில், காணாமல் போன மகன்களின் படத்தைக் கையில் ஏந்தி நிற்கப் போயிருந்தாள். அங்கேயே மகள் லெவ்கி வீட்டில் தங்கிவிட்டு, சனி காலைப் பேருந்தில்தான் திரும்புவதாக ஏற்பாடு. அத்தை கட்டிகளைத் துருவவில்லை. சனி விடிந்தது, எல்லாக் கொல்லையிலும் புகை, அங்கே மட்டும் இல்லை. தெரு ஒரு மணி நேரம் பார்த்தது. பிறகு அம்மா முதல் தட்டைக் கொண்டுபோனாள். அடுத்தடுத்து மற்றவர்கள். ஒவ்வொருவரும் தட்டை மேசையில் வைத்து, பியெரிஸின் பெயரைச் சொல்லி, கடவுள் அவருக்கு இளைப்பாறுதல் தரட்டும் என்றார்கள். அத்தை எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். நிறைகுடத்தைத் தூரம் சுமந்து வந்து இறக்கி வைத்தவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

மாமியார் வந்தாள். மேசையைப் பார்த்தாள். கத்தவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவை எந்த வீட்டிலிருந்து வந்தனவோ அந்த வீட்டு வாசலுக்கே போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தை.

"இதை உன் வீட்டுச் சாவுக்கு வச்சுக்கோ. என் வீட்ல யாரும் சாகல."

அம்மாவிடமும் அதையேதான் சொன்னாள். மூலை வீட்டுக்காரியின் மகன் ராணுவத்தில் இருந்தான். அவள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதுவிட்டாளாம்.

திரும்பி வந்து ஹம்பிஸ் பிளந்து போட்ட கட்டைகளையே அடுப்பில் திணித்துத் தீ வைத்தாள். உள்ளே போய் மாவைத் தொட்டியில் கொட்டினாள். விரல்கள் வாதத்தில் வளைந்தவை, பிசைய முடியாது. மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீ பிசையலைன்னா என் மகன் இன்னிக்குச் சாவான். உன் கையால சாவான்."

மிரோஃபோரா பிசைந்தார். அன்று மாலை, பூரணம் புளிக்காமலே சுட்ட, கல்லாக வெந்த ஃப்ளாவுனாக்களில் முதலாவது அலமாரிக்குப் போனது.

ஏன் பிசைந்தார் என்பதை அவரே எனக்குச் சொன்னார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார். "அவளுக்குப் பயந்து இல்ல. அவளை எதுத்து நின்னிருப்பேன். மாவைத் தொட்டப்ப ஒருவேளை இருந்தார்னான்னு தோணுச்சு. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இத்தனை வருஷமும் சுட்டேன்."

ஹம்பிஸ் இன்னும் ஒரு வருஷம் கட்டை இறக்கினார். அடுத்த ஈஸ்டருக்கும் புகை எழுந்ததைப் பார்த்துவிட்டு பாஃபோஸ் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். மூலை வீட்டுக்காரியின் மகன் ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்தபோது மோட்டார் சைக்கிளில் விழுந்து செத்தான். அது சாலையில் மணல் கொட்டியிருந்ததால் நடந்தது. ஆனால் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாரும் அதை மணலோடு சேர்த்துப் பேசியதில்லை. திருப்பிக் கொடுத்த தட்டோடு சேர்த்துத்தான் பேசினார்கள்.

அப்படி ஆண்டுகள் போயின. அத்தையின் தலைமுடி பச்சைத் துணிக்குக் கீழே நரைத்தது. சனிக்கிழமைகளில் அவர் வீட்டுப் புளித்த பால்-கோதுமைக் கஞ்சியின் வாசனை எங்கள் கொல்லைக்கு வரும்; கிழவிக்குப் பல் போனதிலிருந்து அதுதான். அம்மா வேலிக்கு மேலாகக் கிண்ணத்தை நீட்டுவாள். தட்டை அல்ல, கிண்ணத்தை. தட்டு மட்டும் அந்த வீட்டுக்குப் போகாது.

நான் இங்கிலீஷ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாள். காணாமல் போன கணவனுக்காக ஒவ்வோர் ஈஸ்டருக்கும் சுடும் பெண்ணைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சுடும்போது உங்கள் மனதில் என்ன ஓடும் என்று கேட்டாள். நான் கேட்டுச் சொன்னேன்.

"உப்பு கூடிருச்சான்னு ஓடும்," என்றார் அத்தை. "நோன்புல ருசி பாக்க முடியாது. அதான்."

நான் அதை அப்படியே சொன்னேன். அவள் பேனாவை வைத்துக்கொண்டு மீதி வரும் என்று காத்திருந்தாள். மீதியைத் தியோபிஸ்தி நாற்காலியிலிருந்து சொன்னாள், மகனைப் பற்றி, திரும்பி வரும் நாளைப் பற்றி, நீளமாக. பத்திரிகையில் வந்தபோது கிழவி சொன்னதெல்லாம் அத்தை வாயிலிருந்து வந்ததாக இருந்தது. நம்பிக்கையைச் சுட்டெடுக்கும் பெண் என்று தலைப்பு. அதைக் கத்தரித்துக் கோயில் பலகையில் ஒட்டினார்கள். மிரோஃபோராவைப் போல ஒரு மனைவி வேண்டும் என்று ஆண்கள் காப்பிக்கடையில் சொல்வது அந்த வருஷம் அதிகமாகக் கேட்டது. "கட்டிக்கிட்டுக் காணாமப் போகச் சொல்லு, சுட்டு வைக்கறேன்" என்றார் அத்தை, அம்மாவிடம்.

தியோபிஸ்தி இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு எலும்புகள் கிடைத்தன. வடக்கே ஒரு வறண்ட கிணற்றில், வேறு சிலரோடு. லெவ்கியின் ரத்தத்தை வைத்து இன்னார் என்று கண்டுபிடித்தார்கள். அத்தையையும் லெவ்கியையும் கூப்பிட்டு மேசைமேல் வரிசையாக வைத்துக் காட்டினார்கள். பிடித்துக்கொண்டுபோன மறுநாளோ அதற்கடுத்த நாளோ முடிந்துவிட்டது என்றார்களாம். அதைத் தாண்டவில்லை.

திரும்பி வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அத்தை சொன்னார்: "நாங்க இன்னும் நடந்துட்டுத்தான் இருந்தோம். காலு கொப்புளிச்சு, அவர் எப்படியும் பின்னாடியே வந்துருவார்னு கிழவி திரும்பித் திரும்பிப் பாத்துட்டு வந்தா. அப்பவே போயாச்சு." அம்மா காப்பியை முன்னால் நகர்த்தினாள். அத்தை குடிக்கவில்லை.

அடக்கத்தை லெவ்கி நடத்தினாள். கொடி போர்த்திய சின்னப் பெட்டி, ராணுவ மரியாதை, பேச்சு. அத்தை முந்தின நாள் ஒரு பெரிய சட்டி கோதுமை அவித்திருந்தார். ஒவ்வொரு மணியும் வெடிக்காமல் மலர்ந்திருந்தது. துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, வறுத்த எள்ளும் மாதுளையும் சேர்த்து, தட்டில் குவித்துச் சிலுவைக் குறி இட்டுக் கொண்டுவந்தார். ஆனால் லெவ்கி ஏற்கெனவே கடையில் சொல்லியிருந்தாள். சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் பியெரிஸின் மீசைப் படம் அச்சடித்திருந்தது. பாதிரியார் அந்தப் பைகளின்மேல்தான் ஓதினார். இரண்டு எதற்கு அண்ணி, குழப்பமாக இருக்கும் என்று அத்தையின் தட்டை லெவ்கி பின்பக்க மேசைக்கு நகர்த்தினாள். சனம் வெளியே வரும்போது ஆளுக்கொரு பை எடுத்துக்கொண்டு போனது. நான் அத்தையின் தட்டிலிருந்து ஒரு கை எடுத்துத் தின்றேன். அம்மாவும். மீதி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

மறுநாள் அத்தை பச்சைத் துணியை எடுத்துவிட்டுக் கறுப்பு உடுத்தினார். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், முதல் தடவையாக. தெருவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் அவரிடம் வந்து, இனி உனக்கு நிம்மதி, தேடுவதற்கு ஒன்றும் இல்லை, ஒரு கல்லறையாவது கிடைத்ததே என்றார்கள். துக்கம் விசாரிக்கவில்லை, கிட்டத்தட்ட வாழ்த்தினார்கள். நாற்பதாம் நாளுக்கு வந்த லெவ்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த வயசுல யாருக்கு அண்ணி கறுப்பு? அண்ணன்கூட ஒரு மழைக்காலம் இருந்திருப்பீங்களா?"

"அறுவடையையும் சேத்துக்கோ," என்றார் அத்தை.

பிறகு வந்த ஈஸ்டருக்கு அத்தை கட்டிகள் வாங்கவில்லை. வியாழன் துருவவில்லை. வெள்ளி கோயிலுக்குப் போய் வந்தார். சனி விடிந்தபோது அந்தக் கொல்லையில் புகை இல்லை. நான் அப்போது நிக்கோசியாவில் வேலையில் இருந்தேன், மதியத்துக்குமேல்தான் ஊருக்கு வந்தேன். அம்மாவிடம் கேட்டேன், யாராவது தட்டு கொண்டுபோனார்களா என்று.

யாரும் போகவில்லை. பாதிக் குடியிருப்பில் இப்போது ஆட்கள் புதியவர்கள், ஃப்ளாவுனாவைப் பேக்கரியில் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு எந்த வீட்டில் புகை எழவில்லை என்று பார்க்கும் பழக்கமே இல்லை. பழையவர்களுக்குப் பார்க்கத் தெரியும். ஆனால் மூலை வீட்டுக்காரி இன்னும் உயிரோடு இருந்தாள், சன்னலோரம் மகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வருஷத்துச் சாவுக்கு இப்போது என்ன தட்டு என்றார்கள் சிலர். அந்த வீட்டுக்குக் கொண்டுபோன தட்டு என்ன கொண்டுவந்தது என்று தெரியாதா என்றார்கள் மற்றவர்கள். அம்மா துணி மூடி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். உன் தம்பி இப்போது ராணுவத்தில்தானே இருக்கிறான் என்று மட்டும் சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் கொல்லைப் பக்கம் போனேன். அத்தை வேலியோரமாக நின்றிருந்தார். கறுப்பு உடை, தலை வாரி முடிந்திருந்தது. அவருக்குப் பின்னால் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மேசைமேல் வெள்ளை விரிப்பு, அதன்மேல் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அப்படியே திறந்து வைத்திருந்தாராம். அலமாரியைச் சுத்தம் செய்துவிட்டேன் என்றார் முதலில். பிறகு அம்மா எப்படி இருக்கிறாள், தம்பி விடுப்பில் வந்தானா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணே, ஒன்னு கேக்கணும். உங்க வீட்டுது வேணாம், உங்கம்மாவைச் சங்கடப்படுத்தாதே. கடையில ஒரு தட்டு வாங்கிட்டு வா, எப்படி இருந்தாலும் பரவாயில்ல, நான் தின்னக்கூட மாட்டேன். வேலி வழியா வராதே. தெரு வழியா வா, மெதுவா வா, எல்லாரும் பாக்கட்டும். வாசல்ல நின்னு அவர் பேரைச் சொல்லி, கடவுள் இளைப்பாறுதல் தரட்டும்னு சத்தமாச் சொல்லிட்டுக் கொடு. பயமா இருந்தா இப்பவே சொல்லிரு, வேற யாரையாவது கேட்டுப் பாக்கறேன்."